டேங்குக்குள் முதலில் போனது

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு சைஃப் டேங்கின் மூடியைத் தூக்கினான். உள்ளே இருந்தது ஷாம்பு இல்லை. மேலே நீர்த்துப்போன ஏதோ ஒன்று. அடியில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி தட்டிய வேறு ஏதோ ஒன்று. ஐந்நூறு லிட்டர். நீளக் கரண்டியை விட்டு அவன் ஒரு கிளறு கிளறினான். கட்டிகள் சாவகாசமாக எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, மறுபடி அடியில் போய் உட்கார்ந்துகொண்டன.

முதலாளியம்மா பங்கஜம் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். உள்ளே போக அவளுக்குத் தைரியம் இல்லை. இந்த மாதிரி ஆகுமென்று யாராவது நேற்றே சொல்லியிருந்தால் நம்பியிருக்கவும் மாட்டாள்.

கொட்டிவாக்கத்தில், ஈ.சி.ஆர். ரோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் இருந்தது அந்தச் சின்னத் தொழிற்சாலை. முதலாளி சண்முகவேல். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் கடை போட்டவர். அவர் மனைவி பங்கஜம் சீயக்காய்ப் பொடி அரைத்து அந்தக் கடையின் ஒரு மூலையில் விற்க ஆரம்பித்ததுதான் வளர்ந்து இந்த டேங்க் வரைக்கும் வந்திருந்தது. அதனால் பாட்டிலின் மேல் ஒட்டுகிற லேபிளில் பங்கஜத்தின் முகம். முப்பத்திரண்டு வயதில் எடுத்த போட்டோ, இப்போது அவளுக்கு ஐம்பத்துமூன்று. லேபிளில் இருப்பவள் மட்டும் வயசாகாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மூன்று மணிக்கு மதிவாணன் வருவதாக இருந்தது. தி. நகரில் ஐந்து மாடிக் கடை ஒன்றுக்குச் சரக்கு எடுப்பவர். முதல் பாட்டிலைத் தன் கையாலேயே நிரப்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தார். அவர் நிரப்புவதற்கு இப்போது டேங்கில் இருந்தது இந்தக் கண்றாவிதான்.

"என்னம்மா இது, பால் திரிஞ்ச மாதிரி கெடக்கு?" என்றார் சண்முகவேல், காபி டம்ளரும் கையுமாக.

"பிரிஞ்சுடுத்து சார்" என்றாள் நீரஜா. "யாரும் எதையும் தொடாதீங்கோ."

நீரஜாதான் அங்கே கெமிஸ்ட். மயிலாப்பூர்க்காரி. ஷாம்புவில் சேர்க்கும் பாலிமர் சமாசாரத்திலேயே டாக்டர் பட்டம் வாங்கியவள். லைசென்ஸில் பொறுப்பாளர் என்ற இடத்தில் இருப்பது அவள் பெயர். முன்பு வேலை பார்த்த இடத்தில் முதலாளி தன் இஷ்டத்துக்குச் சாமான்களைக் கூட்டிக் குறைத்தார் என்று ஒரே நாளில் உதறிவிட்டு வந்தவள். இங்கே சேரும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: டேங்க் விஷயத்தில் வீட்டு ஆட்கள் யாரும் கை வைக்கக் கூடாது. சண்முகவேல், சாமி படத்தின் முன்னால் நின்று சரி என்று சொல்லியிருந்தார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று பங்கஜத்துக்குத் தோன்றியது. நீரஜா ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தாள். பக்கத்தில் சைஃப் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ராயப்பேட்டைப் பையன் என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டது, பையனுக்கு முப்பத்தாறு வயசு. பதினோரு வருஷமாக அந்த டேங்க் அவன் பொறுப்பு.

நேற்று நடந்தது இவ்வளவுதான்.

நேற்று திங்கட்கிழமை. திங்கட்கிழமை ஆறரையிலிருந்து ஏழரை வரை நல்ல நேரம். ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். தினசரி காலண்டரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, அதை மீறி யார் என்ன செய்ய முடியும்? ஜூலையில் வேறொரு கடைக்கு அனுப்பிய சரக்கு மூடி ஒழுகி அத்தனையும் திரும்பி வந்தது. மூடி செய்தவன் சரியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பங்கஜம் மட்டும் காலண்டரின் பழைய தாளைத் தேடிப் பார்த்தாள். அந்த பேட்ச் ஆரம்பித்தது சரியாக ராகு காலத்தில். அதற்குமேல் அவளுக்கு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

ஆகையால் மதிவாணனுக்கான முதல் பேட்ச் நல்ல நேரத்தில் தன் கையால் தொடங்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையே முடிவு செய்துவிட்டாள். நீரஜா திங்கள் காலையில் லைசென்ஸ் ஆபீஸுக்குப் போகிறாள் என்பதும் தெரியும். தி. நகரிலிருந்து ஆறு மணிக்கெல்லாம் ஆட்டோ பிடித்தாள். மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்கள் அடையாறு வரைக்கும் அவள் நல்ல நேரத்தைத் தின்றுகொண்டே வந்தன. உள்ளே நுழைந்தபோது மணி ஏழு ஐந்து.

டேங்கில் தண்ணீர் நிரம்பியிருந்தது. சைஃப் பாலிமர் பவுடரை எடை போட்டுக்கொண்டிருந்தான். ஒன்றரைக் கிலோ. அதைத் தண்ணீரில் தூவி ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும், அப்புறம்தான் பேஸ்ட் என்று அவர்கள் சொல்லும் சோப்புக் கூழ். அது எண்பது கிலோவுக்கு மேல்.

பங்கஜம் கணக்குப் போட்டாள். பவுடர் ஊறி முடிவதற்குள் எட்டேகால் ஆகிவிடும். ஷாம்புவுக்கு உயிரே சோப்புதான், அது நட்ட நடு ராகு காலத்தில் உள்ளே விழும். மறுபடி ஜூலை மாதிரி ஆகவா?

"பேஸ்ட்ட முதல்ல போட்டுருப்பா" என்றாள்.

"அம்மா, பவுடர் ஊறணும்மா. மேடம் கண்டி பாத்தாங்க, அவ்ளோதான்."

"எல்லாம் அந்தத் தண்ணிக்குள்ளதான போவுது? முன்ன போனா என்ன, பின்ன போனா என்ன? சீக்கிரம், மணி ஏழு பத்து."

பேஸ்ட் டிரம்முக்குக் குங்குமம் வைத்து, முதல் பக்கெட்டை அவளே வழித்துத் தள்ளினாள். ஏழு இருபத்தைந்துக்குள் எண்பது கிலோவும் உள்ளே போயிற்று. அப்புறம் சைஃப் பவுடரைத் தூவினான். சரியாகக் கிளறாமல் ரவையைக் கொட்டினால் கஞ்சியில் கட்டி விழுமே, அந்த மாதிரி முட்டை முட்டையாக மிதந்தது. மெஷின் ஓட ஓடச் சரியாகிவிடும் என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு பேட்ச் ஷீட் என்று ஒரு காகிதம். எந்தச் சாமான் எத்தனை மணிக்கு உள்ளே போனது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சைஃப் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தான். வழக்கமாக எழுதுகிற நேரத்தையே எழுதிவிடச் சொன்னாள் பங்கஜம். அவன் தயங்கினான். அப்போது அவள் இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள். அந்த வாக்கியத்தை மட்டும் நேற்றிலிருந்து அவள் நினைத்துப் பார்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தாள். அவன் எழுதிவிட்டான். "யாருகிட்டயும் சொல்லாத" என்றாள். "சொல்ல மாட்டேம்மா" என்றான்.

"உப்பு ஜாஸ்தியா விழுந்திருந்தா இப்படிப் பிரியலாம்" என்றாள் நீரஜா, குவளையைக் கீழே வைத்தபடி.

பங்கஜத்துக்குச் சட்டென்று உயிர் வந்தது. ஷாம்பு கெட்டியாவதற்காகக் கடைசியில் உப்புப் போடுவார்கள். உப்பாக இருக்கட்டும் கடவுளே, உப்பாகவே இருக்கட்டும். நீரஜா பேனா மாதிரி ஒரு மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தாள். உப்பு சரியாக இருந்தது.

"தண்ணியா இருக்குமோ? இந்தப் பக்கம் நிலத்துத் தண்ணி உப்புக் கரிக்குமே" என்றார் சண்முகவேல். தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷினிலிருந்து நீரஜா பிடித்துப் பார்த்தாள். அதுவும் சரி.

"பவுடரு புது மூட்டை. அது வந்தப்பவே எனக்கு என்னவோ மாதிரி இருந்துது" என்றாள் பங்கஜம். பச்சைப் பொய். மூட்டை வந்த அன்றைக்கு அவள் மயிலாப்பூரில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். சொன்ன பிறகு சைஃப் பக்கம் திரும்பவில்லை.

நீரஜா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அதையும் பார்த்துடலாம்" என்றாள்.

இரண்டு பீக்கர்களை மேஜைமேல் வைத்தாள். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். அதே மூட்டைப் பவுடர், அதே டிரம்மின் பேஸ்ட், எல்லாம் கிராம் கணக்கில் ஒன்றே. இடது பீக்கரில் வெறும் தண்ணீரில் பவுடரைத் தூவி, கிளறும் கம்பியை ஓடவிட்டு, மணி பார்த்தாள். பதினொன்று இருபது. வலது பீக்கரில் முதலில் பேஸ்ட்டைக் கரைத்தாள். பவுடரைப் பிறகு தூவினாள்.

"ஒரு மணி நேரம்" என்றாள்.

அந்த ஒரு மணி நேரம் பங்கஜத்துக்கு ஒரு யுகம். லேபிள் ஒட்டும் அறைக்குப் போனாள், திரும்பி வந்தாள். தண்ணீர் குடித்தாள். மருந்தீஸ்வரருக்கு ஒரு அபிஷேகம் வேண்டிக்கொண்டாள். அபிஷேகத்துக்குப் பதிலாக என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. பவுடர் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றா? அப்படியானால் அதை அனுப்பியவன் தலை உருளும். கெட்டுப்போகாமல் இருந்தால் இங்கே ஒருவன் தலை உருளும். எப்படியும் அவள் தலை இல்லை. அப்படி நினைத்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு நீரஜா இடது பீக்கரில் பேஸ்ட்டை விட்டு மெதுவாகக் கலக்கினாள். கடைசியில் இரண்டிலும் ஒரு சிட்டிகை உப்பு. பிறகு இரண்டுக்கும் பின்னால் ஒரு பேப்பரை நிறுத்தினாள். இடது பக்கம் எழுத்தை அப்படியே படிக்க முடிந்தது. வலது பக்கம் எழுத்தே தெரியவில்லை. வெள்ளைக் கட்டிகள் ஒவ்வொன்றாக அடிக்கு இறங்கிக்கொண்டிருந்தன.

"பவுடர்மேல தப்பு இல்ல" என்றாள் நீரஜா. "வரிசை மாறியிருக்கு."

"ஒரே சாமான்தானம்மா ரெண்டுலயும்?" சண்முகவேலுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"சாமான் ஒண்ணுதான் சார். இந்தப் பவுடர் ஒவ்வொரு துணுக்கும் சுருட்டி வெச்ச நூல்கண்டு மாதிரி. வெறும் தண்ணியில ஊறினாத்தான் அவிழ்ந்து நீளும். அதுமேல ப்ளஸ் சார்ஜ், பேஸ்ட்மேல மைனஸ். ஒண்ணைக் கண்டா ஒண்ணு விடாது. நூல் நன்னா நீண்ட அப்புறம் நிறைய பேஸ்ட் வந்தா, நூல் முழுக்கச் சுத்திண்டு, ரெண்டும் தண்ணியிலயே கலந்து நிக்கும். பேஸ்ட் முதல்லயே காத்துண்டு இருந்தா, பவுடர் விழுந்த உடனே மேலாப்புல பிடிச்சுண்டு தோல் கட்டிடும். உள்ள தண்ணியே போகாது. அப்புறம் நாள் பூரா கிளறினாலும் கட்டி கட்டிதான்."

"அப்ப பிரியவே கூடாத சாமான்னு சொல்லுதியளா?"

"பிரியணும் சார். தலையில தேய்ச்சுண்டு தண்ணி ஊத்தும்போது சோப்பு நீர்த்துப் போகும் பாருங்கோ, அப்பத்தான் அந்த நூலும் கொஞ்சம் சோப்புமா சேர்ந்து, தண்ணியை விட்டுப் பிரிஞ்சு முடிமேல படியும். முடி மெத்துனு ஆகறதே அதனாலதான். பிரியறது நல்லதுதான். அதுக்கு உண்டான நேரத்துல பிரியணும்."

நேரம் என்ற சொல் பங்கஜத்தின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. நீரஜா அதை யாரையும் குத்திச் சொல்லவில்லை. அவள் பாட்டுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சைஃப், நேத்து ஷீட்டை எடுத்துண்டு வா."

கொண்டுவந்தான். பவுடர் ஏழு மணி, பேஸ்ட் எட்டேகால். மணி மணியான கையெழுத்து.

"இது நிஜமா?"

சைஃப் தன் ரப்பர் செருப்பைப் பார்த்தான். "இல்ல மேடம். மாத்திப் போட்டுட்டேன். பேஸ்ட்ட மொதல்ல உட்டுட்டேன்."

"ஏன்?"

"மறந்துட்டேன்."

"பதினோரு வருஷமா மறக்காததை நேத்திக்கு மறந்துட்டியா?"

"ஆமா மேடம்."

தப்பித் தவறிக்கூட அவன் பங்கஜத்தின் பக்கம் திரும்பவில்லை. நல்ல பையன், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான் என்றுதான் முதலில் அவள் மனசு நினைத்தது. அடுத்த நொடியே, சீ, நான் என்ன பிறவி என்று நினைத்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. நீரஜா உதறிவிட்டுப் போய்விட்டால்? சாமி முன்னால் வாக்குக் கொடுத்த மனுஷர் முகத்தில் எப்படி விழிப்பது?

சண்முகவேலுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏலே, என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேலே! மூணு மணிக்கு அந்த மனுஷன் வாராரு, அவருக்கு என்னத்தக் காட்டச் சொல்லுத? மறந்து தொலைச்சதுமில்லாம பொய்யி வேற எழுதி வச்சிருக்க. சாயங்காலம் வரைக்கும் வேண்டாம். இப்பவே கெளம்பு."

"சரி அண்ணாச்சி" என்றான் சைஃப். அவ்வளவுதான் சொன்னான். கையுறையைக் கழற்றி, உதறி, கம்பியில் காயப்போட்டான். போகிறவன் கையுறையை எதற்காக அவ்வளவு ஒழுங்காகக் காயப்போட வேண்டும்?

பங்கஜம் அதைப் பார்க்க முடியாமல் லேபிள் அறைக்குள் போனாள். அங்கே இரண்டாயிரத்து ஐந்நூறு காலி பாட்டில்கள் அட்டைப்பெட்டிகளில் நின்றன. இரண்டாயிரத்து ஐந்நூறிலும் அவள் முகம். அத்தனையும் சிரித்தது. அவள் ஒரு பெட்டியை மூடினாள். பக்கத்துப் பெட்டி சிரித்தது. சைஃபின் மனைவி ஜஹீதா போன ரம்ஜானுக்கு டப்பா நிறைய பிரியாணி கொடுத்தனுப்பியது ஞாபகம் வந்தது. இன்றைக்கு மத்தியானமே வீட்டுக்கு வந்து நிற்கும் புருஷனிடம் அவள் என்ன கேட்பாள், அவன் என்ன சொல்வான்? மறந்துட்டேன் என்றுதான் சொல்வான். அவளிடமும் அதையே சொல்வான் அந்தப் பைத்தியக்காரன்.

அவள் வெளியே வந்தாள்.

"அவன் மாத்திப் போடல. போட்டது நான்."

சண்முகவேல் திரும்பினார். "நீ என்னத்தப் போட்ட?"

"பேஸ்ட்ட. ஏழரைக்கு ராகு காலம் வந்துரும்னு, நாந்தான் முதல்ல போடச் சொன்னேன். முதப் பக்கெட்டு எங்கையால போட்டேன்."

பங்கஜம் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இடி விழக் காத்திருந்தாள். ஆனால் சண்முகவேல் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட கூறுகெட்டவளே! நீயா? நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். இவளக் காலண்டருக்குக் கட்டிவச்சிருக்கணும், எனக்கில்ல!"

நீரஜாகூட ஒரு பெருமூச்சு விட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதாம்மா? ஆறரைக்கே வந்து பவுடரைத் தூவியிருப்போமே. உங்க நல்ல நேரமும் ஆச்சு, என் பவுடரும் ஊறியிருக்கும்."

அவ்வளவு சுலபமாக இருந்தது. நேற்றிலிருந்து ஒளித்து வைத்திருந்த விஷயம் ஐந்து நிமிஷத்தில் வீட்டு வேடிக்கையாகிவிட்டது. அடுத்த பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வரும்போது அவர் இதைச் சொல்லிச் சிரிக்கப் போகிறார். பங்கஜத்துக்குக் கண்ணில் நீர் தளும்பியது, ஆறுதலில்.

சைஃப் பையை மாட்டிக்கொண்டு வந்தான்.

"லேய், பையைக் கீழ வையி" என்றார் சண்முகவேல். "போய் வேலையப் பாரு."

"இல்ல சார்" என்றாள் நீரஜா. "அவர் இருக்க முடியாது."

"அதான் இவ சொல்லிட்டாளேம்மா."

"வரிசை மாறினது தப்புதான். ஒரு பேட்ச் போச்சு, இன்னொண்ணு போட்டுக்கலாம். ஷீட்ல பொய் எழுதினது வேற விஷயம். நான் எப்பவும் டேங்க் பக்கத்துலயே நிக்க முடியாது. இந்தக் காகிதத்தை நம்பித்தான் கையெழுத்துப் போடறேன். நாளைக்கு ஒரு குழந்தைக்குக் கண்ணு எரிஞ்சுதுன்னு யாராவது வந்து நின்னா, எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். இதுல பொய் எழுதறவரை என் பேருக்குக் கீழ நான் வெச்சுக்க மாட்டேன். ஒண்ணு அவர் இருக்கட்டும், இல்லே நான் இருக்கேன். நீங்களே சொல்லுங்கோ."

சண்முகவேலின் சிரிப்பு அணைந்தது. அவர் டேங்கைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸைப் பார்த்தார். கிளறுவதற்கு வேறு ஆள் கிடைக்கும். கெமிஸ்ட் போனால் லைசென்ஸே போய்விடும். அவர் அப்படி யோசிப்பது பங்கஜத்துக்குக் காதால் கேட்பதுபோல் தெரிந்தது.

"சைஃபு" என்றார் மெதுவாக. "கொஞ்ச நாள் போவட்டும்டா. பொறவு பாப்போம்."

"பரவால்ல அண்ணாச்சி. ஈஞ்சம்பாக்கத்துல ஒரு கம்பெனில கூப்ட்டுக்கினுதான் கீறாங்க." எந்தக் கம்பெனியும் அவனைக் கூப்பிடவில்லை. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவள் மன்னிக்கப்பட்டாயிற்று. அவன் போகிறான். இப்போது பேசாமல் இருந்தால் போதும், யாரும் அவளை ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஒதுக்கி வைத்திருந்த அந்த வாக்கியம் தன்னாலேயே எழுந்து வந்தது.

"அந்த நேரத்த எழுதச் சொன்னதும் நாந்தான்" என்றாள் பங்கஜம்.

"அம்மா, உடுங்கம்மா" என்றான் சைஃப்.

"நீ பேசாத. பவுடரு ஏழு மணி, பேஸ்ட்டு எட்டேகாலுன்னு நான் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல எழுதுனான். முதல்ல எழுதல. மாட்டேன்னான். மேடம் நம்பிக் கையெழுத்துப் போடுவாங்கம்மா, வேணாம்மான்னு மூணு தடவ சொன்னான்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நான் ஒரு காலி பாட்டில எடுத்து அவன் முன்னால வச்சேன். இதுல யார் மூஞ்சி இருக்கு பாத்தியா, அவ சொல்றத எழுதுடான்னேன். இங்க சம்பளம் வாங்கணுமா வேண்டாமான்னும் கேட்டேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சண்முகவேல் மனைவியை, யாரோ தெரியாத பொம்பளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

நீரஜா ஷீட்டை மேஜைமேல் வைத்துப் பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினாள். "பழைய எழுத்து தெரியற மாதிரி ஒரே கோடு போடுங்கோ. கிறுக்க வேண்டாம். பக்கத்துல நிஜமான நேரத்தை எழுதுங்கோ. யார் சொன்னாங்கறதையும்."

பத்தொன்பது வருஷத் தொழிலில் பங்கஜம் ஒரு பேட்ச் ஷீட்டிலும் எழுதியதில்லை. ஒரே கோடு போட்டாள். பேஸ்ட் 7.10, பவுடர் 7.30. மாற்றச் சொன்னதும் பொய் எழுதச் சொன்னதும் நான். பங்கஜம்.

நீரஜா அதைப் படித்துவிட்டு சைஃபிடம் திரும்பினாள். "அடுத்த தடவை யாராவது நேரத்தை மாத்தி எழுதச் சொன்னா?"

"எழுத மாட்டேன் மேடம்."

"யார் சொன்னாலும்?"

அவன் முதல்முறையாகப் பங்கஜத்தைப் பார்த்தான். "அம்மா சொன்னாலும் எழுத மாட்டேன்."

"டேங்கைக் காலி பண்ணிக் கழுவு" என்றாள் நீரஜா. சைஃப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியிலிருந்து கையுறையை எடுத்தான்.

சண்முகவேல் மதிவாணனுக்குப் போன் போட்டு, சரக்கு பிரிந்துவிட்டது என்று உள்ளதைச் சொன்னார். மறுமுனையில் நிறைய நேரம் பேச்சு வந்தது. கடைசியில், நாளைக்கு நாலு மணிக்கு வருகிறேன், அப்போதும் இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று போனை வைத்துவிட்டார் மதிவாணன்.

நீரஜா விரல் விட்டு எண்ணினாள். பவுடர் ஊற, பேஸ்ட் கலக்க, பிறகு நுரை அடங்கி ராத்திரி முழுக்க நிற்க. "மூணரைக்குள்ள பவுடர் விழணும். அதுக்கு மேல போனா நாளைக்கு நாலு மணிக்கு என்னால தர முடியாது."

டேங்கைக் கழுவி மறுபடி தண்ணீர் நிரப்பி முடித்தபோது மணி மூன்று ஐந்து. சைஃப் எடை போட்ட பவுடரோடு ஏணியில் ஏறினான். சண்முகவேல் அப்போதுதான் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

"யம்மா, இன்னைக்குச் செவ்வாய். மூணுலேர்ந்து நாலரை ராகு காலம்லா."

மேலே சைஃபின் கை அப்படியே நின்றது. "அம்மா?" என்றான்.

எல்லோரும் பங்கஜத்தைப் பார்த்தார்கள். அவளுக்குப் பயம் போய்விடவில்லை. பயம் அப்படியெல்லாம் ஒரு மத்தியானத்தில் போகாது. மூடி ஒழுகிய பாட்டில்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நாலரை வரை பொறுத்தால்தான் என்ன என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மருந்தீஸ்வரா என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள்.

"போடுப்பா" என்றாள். "வெறும் தண்ணியில போடு."

பவுடர் மெல்லிய மழையாக இறங்கித் தண்ணீருக்குள் மறைந்தது. கட்டி ஒன்றுகூட மிதக்கவில்லை. நீரஜா புது ஷீட்டை அவளிடம் கொடுத்தாள். பங்கஜம் சுவர்க் கடிகாரத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு, பவுடர் என்ற வரிக்கு நேராக 3.10 என்று எழுதினாள். பூஜ்யம் கோணலாக விழுந்தது, அதை அவள் திருத்தவில்லை.